அடுக்கு மாவின் நாட்குறிப்பு

வியாழன், மாலை

பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பின் சூட்டில் அடுக்கி வைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் பப்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் தின்பண்டத்தின் அடிப்படை அடுக்கு மாவு ஆகும். அதாவது, பிசைந்த மைதாவும் கெட்டியான கொழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மாறி மாறிப் படிந்திருக்கும் மாவு. (ஆங்கிலப் பன்மையின் கடைசி எழுத்தும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதால், ‘ஒரு பப்ஸ்’ என்று கேட்பதே இங்கு வழக்கு.) 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சமையல் நூல்களிலேயே இதன் செய்முறை காணப்படுகிறது, இலை இலையாகப் பிரியும் மாவு என்ற பொருளில்தான் அம்மொழியிலும் இதற்குப் பெயர் அமைந்துள்ளது.

ஞாயிறு மாலை 25 பேர் கூடும் ஒரு பிறந்தநாள் விருந்துக்காக, கோடைக்காலச் சென்னையின் ஒரு வீட்டுச் சமையலறையில் நடந்த தயாரிப்பை இக்குறிப்புகள் பதிவு செய்கின்றன. இந்த மாவை வீட்டில் செய்வது பெரும்பாடு என்று சொல்பவர்களில் பலர், அதை ஒரே நாளில் முடித்துவிட முயன்றவர்களாகவே இருப்பார்கள். நான்கு நாள்களுக்குப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொரு நாளும் கைவேலை சிறிதளவே இருக்கும். மீதியைக் குளிர்பதனப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் வேலை மாவு பிசைவது மட்டுமே. 250 கிராம் மைதா, 125 மில்லி குளிர்ந்த நீர், 25 கிராம் உருக்கி ஆறவைத்த வெண்ணெய், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டதாகவே இருப்பதால் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்து பழகிய கை இங்கே சற்று அடங்க வேண்டும். கோதுமையின் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசைபடும்போது குளூட்டன் என்னும் வலைப்பின்னல் உருவாகிறது. அது மிகுந்துவிட்டால், தேய்க்கத் தேய்க்க மாவு ரப்பரைப் போலச் சுருங்கிக்கொள்ளும். ஆகவே மாவு ஒன்றுதிரண்டவுடன் பிசைவதை நிறுத்தி, தட்டையாகத் தட்டி, ஈரம் போகாதபடி மூடி, இரவு முழுவதும் குளிரில் வைக்கப்பட்டது. சாறு சேர்ப்பதும் இந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான்.

வியாழன், இரவு

அடுத்த கேள்வி எந்தக் கொழுப்பு என்பது. பேக்கரிகள் பலவற்றில் இதற்கென்றே தயாரிக்கப்பட்ட மார்கரின் பயன்படுகிறது. அதன் உருகுநிலை வெண்ணெயினுடையதைவிட அதிகமாதலால் வெயில் காலத்திலும் கட்டி குலையாமல் நிற்கும். ஆனால் வாய்ச் சூட்டிலும் முழுமையாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகைப் போலப் படிந்துவிடும் என்பது தின்றவர்களுக்குத் தெரியும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுகிறது. நாவில் அது தரும் இன்பமும் சமையலறையில் அது தரும் தொல்லையும் இந்த ஒரே குணத்திலிருந்து பிறப்பவைதாம். நெய்யை நினைப்பவர்களும் உண்டு. இந்திய உணவுத் தர விதிகளின்படி மேசை வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பும், அதிகபட்சம் 16 சதவீதம் நீரும் இருக்கும். நெய்யிலோ அந்த நீர் காய்ச்சி நீக்கப்பட்டுவிட்டது. அடுப்பில் மாவை உயர்த்தும் நீராவியின் ஒரு பங்கு அந்த நீரிலிருந்தே கிடைக்கிறது என்பதோடு, மணல்மணலாக உறையும் நெய், தகடாகத் தேய்ப்பதற்கும் வளைந்து கொடுப்பதில்லை.

100 கிராம் வெண்ணெய்க் கட்டிகள் இரண்டு எடுக்கப்பட்டு, துண்டுகளாக நறுக்கி, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, பூரிக்கட்டையால் தட்டித் தட்டி 15 செ.மீ. சதுரமாக்கப்பட்டன. கனம் ஏறத்தாழ ஒரு செ.மீ. வந்தது.

வெள்ளி, அதிகாலை 5 மணி

வேலைக்கு இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுறுசுறுப்பு அல்ல; நாளில் சமையலறை ஓரளவேனும் குளிர்ந்திருப்பது இப்போதுதான். அப்படியும் சுவரிலிருந்த வெப்பமானி 29 டிகிரி காட்டியது. பனிக்கட்டியும் நீரும் நிரப்பிய பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கிரானைட் மேடைமீது கால்மணி நேரம் வைத்திருந்து, பிறகு மேடையை ஈரம் போகத் துடைத்துவிட்டு, மாவு 22 செ.மீ. சதுரமாகத் தேய்க்கப்பட்டது. அதன்மேல் வெண்ணெய்ச் சதுரத்தை மூலைமாற்றி வைத்து, மாவின் நான்கு மூலைகளையும் தபால் உறையைப் போல நடுவுக்கு மடித்து ஒட்டினால், வெண்ணெய் வெளியே தெரியாத பொதி ஒன்று கிடைக்கும்.

பொதியை நீளவாக்கில் 45 செ.மீ. அளவுக்குத் தேய்த்து, கடிதத்தைப் போல மூன்றாக மடிப்பது ஒரு மடிப்பு எனப்படும். ஒவ்வொரு மடிப்பிலும் வெண்ணெய் அடுக்குகள் மும்மடங்காகின்றன. மாவோடு மாவு தொடும் இடங்கள் ஒன்றாகிவிடுவதால், கணக்கு எப்போதும் வெண்ணெயை வைத்தே போடப்படுகிறது: ஒன்று, 3, 9, 27, 81. ஆறு மடிப்புகள் செய்யும் மரபில் இவ்வெண்ணிக்கை 729 ஆகும். இரண்டு வாயில் மறைந்துவிடும் விருந்துத் துணுக்குகளுக்கு நான்கு மடிப்புகளே போதும் என்பது இங்கு எடுக்கப்பட்ட முடிவு. வெப்பமான ஊரில் ஐந்தாவது மடிப்பு அடுக்கைக் கூட்டுவதைவிடக் குலைப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதல் மடிப்பு பழுதின்றி முடிந்தது. இரண்டாவதில் அவசரம் புகுந்தது. இடையில் அரைமணி நேரம் குளிரவைக்க வேண்டிய மாவு, பத்தே நிமிடத்தில் மீண்டும் மேடைக்கு வந்தது. மின்விசிறிக் காற்று மாவின் மேற்பரப்பை உலர்த்தி வெடிக்கச் செய்யும் என்பதால் விசிறியும் நின்றிருந்தது. பூரிக்கட்டை நான்காவது முறை உருண்டபோது ஓரத்தில் விரல்நுனி அகலத்துக்கு ஒரு மஞ்சள் பளபளப்பு தோன்றி, கட்டையில் ஒட்டி, அடுத்த உருட்டலில் தோலைப் போல உரிந்தது. வெண்ணெய் கசிந்துவிட்டதென்றால், அந்த இடத்தில் அடுக்கு என்று ஒன்று இல்லை. மாவு வெண்ணெயை உறிஞ்சிக்கொண்டு சாதாரண பிஸ்கட் மாவாகிவிடுகிறது. உலர்ந்த மைதாவைக் கசிவின்மேல் தூவி, அதிகப்படியைத் தூரிகையால் தட்டிவிட்டு, மாவு உடனே உறைபெட்டிக்குள் சென்றது. 20 நிமிடங்களுக்குமேல் அங்கே வைப்பதும் கேடுதான். கல்லாக இறுகிய வெண்ணெய் தேய்க்கும்போது தகடாக நீளாமல் சில்லுசில்லாக உடைந்துபோகும். மாவும் வெண்ணெயும் ஒரே அளவு மென்மையில் இருப்பதே தேய்ப்பதற்கு உரிய பதம். விரலால் வளைத்தால் பொதி முறியாமல் வளைய வேண்டும், அழுத்தினால் குழியக் கூடாது.

மூன்றாவது, நான்காவது மடிப்புகள் இரவு பத்து மணிக்குமேல் நடந்தன. கசிவு மீண்டும் தோன்றவில்லை.

சனி, பிற்பகல்

உள்ளீட்டைப் பொறுத்தவரை விதி ஒன்றே: ஈரமும் சூடும் ஆகாது. வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கரம் மசாலா ஆகியவற்றாலான மசால், வாணலியில் ஒட்டாமல் சுருளும்வரை வதக்கப்பட்டுப் பரந்த தட்டில் ஆறவிடப்பட்டது. வெதுவெதுப்பாக வைத்தால்கூட வெண்ணெய் அடுக்கு உள்ளிருந்தே உருகத் தொடங்கும்.

மாவில் பாதி, 3 மி.மீ. கனத்தில் 30 செ.மீ. சதுரமாகத் தேய்க்கப்பட்டு, ஏறத்தாழ 6 செ.மீ. பக்கமுள்ள 25 துண்டுகளாக்கப்பட்டது. மடித்த விளிம்புகளில் அடுக்குகள் மூடிக்கிடப்பதால் நான்கு ஓரங்களையும் மெலிதாக அரிந்து நீக்குவது அவசியம். கத்தியையும் இழுத்து அறுக்காமல் நேராக அழுத்தி எடுக்க வேண்டும். பேக்கரி முட்டை பப்ஸில் வைக்கும் அரை முட்டை இச்சிறு துண்டுக்குப் பொருந்தாது; ஆகவே அவித்த காடை முட்டையை இரண்டாக அரிந்து, ஒரு தேக்கரண்டி வெங்காய மசாலின்மேல் வைத்து முக்கோணமாக மடித்ததில் 12 துண்டுகள் முட்டைக்கும், 13 உருளைக்கிழங்குக்கும் ஆயின. மறுபாதி மாவின்மேல் துருவிய சீஸ், ஓமம், உடைத்த மிளகு தூவி, கட்டையால் மெல்ல அழுத்தி, விரலகல நாடாக்களாக வெட்டி முறுக்கியதில் சீஸ் குச்சிகள் கிடைத்தன. உண்மையில் ஒரு விருந்துக்கு இந்தக் குச்சிகளைவிட எளிதான பண்டம் வேறில்லை. பேரங்காடியில் உறைநிலையில் விற்கும் ஆயத்த அடுக்கு மாவை வாங்கிவிட்டால், மேற்சொன்ன இரண்டு நாள் வேலையும் மிச்சம்.

எல்லாம் தட்டுகளில் பரப்பி உறையவிடப்பட்டன. முட்டை வைத்தவை மட்டும் உறைபெட்டிக்குள் போகவில்லை. உறைந்த வெள்ளைக்கரு ரப்பராகிவிடும் என்பதால் அவை சாதாரணக் குளிரிலேயே இருந்தன.

ஞாயிறு, மாலை 4.30

ஓ.டி.ஜி. என்னும் மின்னடுப்பு, மேல்கீழ்க் கம்பிகள் இரண்டும் எரிய 210 டிகிரிக்கு முன்சூடேற்றப்பட்டது. அடித்த முட்டை துண்டுகளின் மேற்பரப்பில் மட்டும் தடவப்பட்டது. வெட்டிய பக்கங்களில் வழிந்தால் அது பசையாகி அடுக்குகளைத் தைத்துவிடும். முட்டை உண்ணாதோர்க்கான தட்டில் பால் தடவப்பட்டது.

உள்ளே நடப்பது இதுதான்: வெண்ணெய் உருகி இடம் விடுகிறது, வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகும்போது பல நூறு மடங்கு விரிந்து, கொழுப்பு பூசிய ஒவ்வொரு மாவுத் தகட்டையும் மேலே தள்ளுகிறது, தள்ளப்பட்ட நிலையிலேயே தகடு வெந்து இறுகிவிடுகிறது. இறுகுமுன் கதவைத் திறந்தால் ஆவி அடங்கி அடுக்குகள் அமுங்கும் என்பதால், முதல் பன்னிரண்டு நிமிடங்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. 3 மி.மீ. இருந்த ஓரம் அதற்குள் புத்தகத்தின் பக்கங்களைப் போலப் பிரிந்து உயர்ந்திருந்தது. வெள்ளியன்று கசிந்த பகுதியிலிருந்து வந்த இரண்டு முக்கோணங்கள் மட்டும் ஒரு பக்கம் தட்டையாகவே கிடந்தன. பிறகு 180 டிகிரியில் எட்டு நிமிடம், அடிப்பாகம் சிவக்கும்வரை. மேல் நிறத்தை நம்பி முன்னதாக எடுத்துவிட்டால் நடுப்பகுதி பச்சை மாவாகவே இருக்கும். உறைந்த துண்டுகளைக் கரையவிடாமல் அப்படியே வைத்ததற்குக் கூடுதலாக நான்கு நிமிடம் பிடித்தது.

திங்கள், காலை

எஞ்சியவை ஆறு குச்சிகளும் ஒரு முக்கோணமும். ஈரத்தை அடுக்குகளுக்குள் பரப்பிவிடும் மைக்ரோவேவைத் தவிர்த்து, 160 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்ததில் மொறுமொறுப்பு திரும்பியது. சனியன்று அரிந்த ஓரத் துண்டுகள், உருண்டையாகப் பிசையப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டவை, இன்னும் உறைபெட்டியில் இருக்கின்றன. எள்ளும் உப்பும் தூவித் தேய்த்தால் ஒரு தட்டுக்கு வரும்.