சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி



போன பிப்ரவரியில் எங்கள் சாரணர் குழு முகாம் போனது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த அன்றே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு சவுக்குத் தோப்புக்கா போனீங்க? அது என்னடா காம்ப்பு?" என்று கேட்காத ஆளில்லை. அவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நினைத்தவுடன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக அது நம் வீட்டுக் கொல்லை அல்ல. தனியார் தோப்பு என்றாலும் அப்படித்தான், அங்கேயும் உடையவரிடம் கேட்க வேண்டும். உலகத்தின் முதல் சாரணர் முகாமே அப்படிக் கேட்டு வாங்கிய இடத்தில்தான் நடந்தது! 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இருபது சிறுவர்கள் போல அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குப் போனார். மரங்கள் நிறைந்த அந்தத் தீவு அப்போது சார்லஸ் வான் ரால்ட் என்பவருக்குச் சொந்தம். அவர் சம்மதித்ததால் முகாம் நடந்தது. அடுத்த ஆண்டே பேடன் பவலின் புத்தகம் வெளிவந்து சாரணர் இயக்கம் பரவியது. ஆகவே, தோப்பில் முகாம் போட்டதில் எங்களுக்கு ஒன்றும் வெட்கமில்லை.

நாங்கள் போன தோப்பு கடலூர் பக்கம், கடற்கரை மணல் பூமியில் இருக்கிறது. உடையவர் ஒரு தாத்தா. எங்கள் சாரண ஆசிரியர் இரண்டு முறை நேரில் போய்க் கேட்டார். இரண்டாம் முறை அணித்தலைவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி மூன்று நிபந்தனை சொன்னார்.

"பச்சை மரத்துல கத்தி படக்கூடாது. மரத்தடியில குழி தோண்டக்கூடாது, வேரு மேலாகத்தான் ஓடுது. தோப்புக்குள்ள நெருப்பு கூடவே கூடாது. சமையலை மோட்டார் கொட்டாய் பக்கத்துல இருக்கிற களத்துல வச்சுக்குங்க சார்."

அவர் ஏன் இவ்வளவு கறாராகப் பேசினார் என்பது அப்புறம் புரிந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த தானே புயலில் கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் சவுக்கும் சாய்ந்து கிடந்ததை நம் அப்பா அம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாத்தாவின் தோப்பும் அன்றைக்கு மொத்தமாகப் படுத்துவிட்டதாம். மறுபடியும் கன்று வாங்கி நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, வெட்டி, திரும்பவும் நட்ட மரங்கள்தான் நாங்கள் பார்த்தவை. சவுக்கை வெட்ட நான்கைந்து வருஷம் ஆகும். அதுவரை அந்த நிலத்தில் வேறு பெரிய வருமானம் கிடையாது. "வர்ற தை மாசம் வெட்டிட்டா பேத்தி காலேஜ் பீஸுக்கு ஆச்சு" என்றார். அதாவது நாங்கள் கூடாரம் போடப் போவது ஒருவருடைய சேமிப்புப் பணத்தின் நடுவில்!

சவுக்குத் தோப்பில் நடந்திருக்கிறீர்களா? காலடியில் ஊசி ஊசியாகச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். நம் ஊரில் அதை வாரிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார்கள். தீக்குச்சி பட்டால் 'பக்'கென்று பிடிக்கும். அடுப்புக்கு அது வரம், தோப்புக்கு எமன்.

நாங்கள் 16 பேர், இரண்டு அணி. போனவுடன் முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. மேலே காய்ந்த கிளை தொங்கும் இடத்தில் படுக்கக் கூடாது. காற்றில் முறிந்து விழுந்தால் கூடாரத் துணி தாங்காது. பிறகு இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினோம். வகுப்பில் மேசைக்காலில் போட்டுப் பழகிய க்ளோவ் ஹிட்ச் முடிச்சு நிஜமாகவே உதவியது அன்றைக்குத்தான். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க மரத்தைச் சுற்றிப் பழைய சாக்கு வைத்துக் கட்டினோம். முளைக்குச்சிக்கும் பச்சைக் கிளை வெட்டவில்லை, கீழே கிடந்த காய்ந்த மிளார்தான்.

களத்தில் அடுப்பு போடுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. சுற்றிலும் பத்தடிக்குச் சருகைப் பெருக்கி வெறும் மணல் தெரியும்படி செய்தோம். ஒரு அடி ஆழத்துக்குக் குழி, தோண்டிய மண் ஒரு பக்கமாகக் குவியல், காற்று வரும் பக்கம் செங்கல் தடுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் நான்கு வாளித் தண்ணீர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆசிரியர் தீப்பெட்டியைக் கொடுத்தார். இரண்டே குச்சியில் பற்ற வைக்க வேண்டும் என்பது பந்தயம். மெல்லிய சுள்ளி, அதற்கு மேல் விரல் தடிமன், அதற்கு மேல் கட்டை என்று அடுக்கினால் ஒரு குச்சியே போதும். எங்கள் அணியின் சாம்பார் சாதம் கொஞ்சம் அடிப்பிடித்தது உண்மைதான். ஆனாலும் பாத்திரம் காலி!

சாயங்காலம்தான் சோதனை வந்தது. முகாம் என்றால் கேம்ப் ஃபயர் இல்லாமல் எப்படி? தம்பிகள் பாட்டு, நாடகம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார்கள். விறகும் களத்தில் அடுக்கியாகிவிட்டது. ஆசிரியர் ஒரு பிடி சருகை எடுத்துத் தலைக்கு மேலிருந்து விட்டார். அது நேராகத் தோப்பைப் பார்த்துப் பறந்தது. கடல் கிழக்கே, தோப்பு மேற்கே, நடுவில் எங்கள் விறகு. புவியியல் பாடத்தில் படித்த கடற்காற்று வேலையைக் காட்டியது. குழி அடுப்பின் தணல் வேறு, ஆளுயரம் எரியும் நெருப்பு வேறு. ஒரு பொறி பறந்தால் போதும்.

"இன்னைக்கு கேம்ப் ஃபயர் கிடையாது" என்றார். ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் அழுதே விட்டான். "தாத்தாதான் களத்துல மூட்டலாம்னு சொன்னாரே சார்" என்று ஒருவன் வாதாடினான். அதற்கு ஆசிரியர், 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததைச் சொன்னார். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். "நெருப்புக்கு பர்மிஷன் கொடுக்கிறது தோப்புக்காரர் மட்டும் இல்லடா. காத்தும் கொடுக்கணும்" என்று முடித்தார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. விறகுக் குவியல் மேல் அரிக்கேன் விளக்கை வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம். அந்த மங்கல் வெளிச்சத்தில் வானத்தில் அத்தனை நட்சத்திரம்! நெருப்பு இருந்திருந்தால் நாங்கள் மேலே பார்த்திருக்கவே மாட்டோம்.

அன்று இரவு இரண்டு மணிக்கு என் காவல் முறை. கையில் டார்ச், காலில் ஷூ, தரையில் கம்பைத் தட்டித் தட்டி நடந்தேன். காற்று சவுக்குக்குள் புகுந்தால் கடல் இரைவது போலவே ஒரு சத்தம் வரும். தூரத்தில் இன்னொரு டார்ச் தெரிந்தது. பயந்துவிட்டேன். பார்த்தால் தாத்தா! தோளில் துண்டுடன் அடுப்புக் குழியருகே குனிந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கலையா தாத்தா?"

"உங்க மேல நம்பிக்கை இல்லாம வரலப்பா. தானே அடிச்ச ராத்திரியிலேருந்து காத்து சத்தம் கேட்டா எழுந்திரிச்சிடுவேன். ஜில்லுன்னு இருக்கு, நல்லா அணைச்சிருக்கீங்க. நீ போய் பாரு தம்பி."

அணைப்பதிலும் முறை உண்டு. வெறும் மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே தணல் கண் விழித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், புறங்கையை வைத்துப் பார்த்து ஜில்லென்று ஆன பிறகுதான் நகர வேண்டும். அன்றைக்கு அந்த வேலை எங்கள் அணியுடையது. பரிசு வாங்கியபோது கூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, எடுத்த மண்ணை எடுத்த குழியிலேயே போட்டு மூடினோம். கிணற்றிலிருந்து இருநூறு அடிக்கு மேல் தள்ளித் தோண்டிய கழிப்பிடக் குழியையும் மூடினோம். பிறகு எல்லோரும் கைகோத்து ஒரே வரிசையாகத் தோப்பு முழுக்க நடந்து மிட்டாய்க் காகிதம், கயிற்றுத் துண்டு, சாக்கு நூல் வரை பொறுக்கினோம். தாத்தா ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆசிரியரிடம், "இந்தப் பங்கை தையில வெட்டிடுவேன் சார். தெற்குப் பங்குல கன்னு தலைக்கு மேல வந்திடுச்சு. அடுத்த வருஷம் அங்க வரச் சொல்லுங்க" என்றார்.

நண்பர்களே, முடிச்சு போடுவதும் அடுப்பு மூட்டுவதும் பழகினால் யாருக்கும் வந்துவிடும். அடுத்தவர் நிலத்தில் தங்கிவிட்டு, நாம் வந்து போன அடையாளமே தெரியாமல் திரும்புவதுதான் கஷ்டமான வித்தை. அதில் தேறினால்தான் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும். தெற்குப் பங்குக்குப் போகப் போவது இப்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நீங்கள்தான். சாக்குத் துண்டும் வாளியும் சாரணர் அறை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்!



— அணித்தலைவன், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு