நாலாவது முறை

ஒடிஸியஸ் என்றதும் மரக்குதிரையும் ஒற்றைக்கண் அரக்கனும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு ஒரு தலையசைப்புதான் ஞாபகம் வருகிறது. இருபது வருடம் கழித்து, பிச்சைக்காரன் வேஷத்தில், சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி பெனலபியைக் கட்டிக்கொள்ள வந்த 108 பேர் அவன் ஆட்டையும் மாட்டையும் அடித்துத் தின்றுகொண்டு அங்கேயே கிடக்கிறார்கள். புருஷனுடைய பழைய வில்லை எடுத்துவந்து, இதில் நாண் ஏற்றி, வரிசையாக நட்ட 12 கோடாலிகளுக்குள் அம்பு விடுகிறவனுக்கு நான் மனைவி என்கிறாள் அவள். வில்லைத் தொட முதலில் எழுந்து வருகிறவன் மகன் டெலிமாக்கஸ். மூன்று முறை வளைத்துப் பார்க்கிறான், முடியவில்லை. நாலாவது முறை நாண் ஏறியிருக்கும், ஹோமரே அப்படித்தான் சொல்கிறார். அந்தச் சமயத்தில் மூலையிலிருந்த பிச்சைக்காரன் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறான். பையன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பலம் போதாது போலிருக்கிறது என்று சபையில் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறான்.

காரணம் இல்லாமல் இல்லை. மகன் நாண் ஏற்றிவிட்டால் போட்டி அதோடு முடிந்தது. வில் அப்பன் கைக்கு வராது, அவன் போட்ட திட்டமெல்லாம் பாழ். படித்தவர்கள் சொல்லும் இந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் தறி வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தத் தலையசைப்பில் வேறொன்றும் தெரியும். காஞ்சிபுரத்துக்கும் எங்கள் வாலாஜாபாத்துக்கும் நடுவே முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை என்று தறி ஊர்கள் இருக்கின்றன. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் கரைக்கொன்றாக இரண்டு நாடா. மூன்றையும் ஒருத்தரே தள்ளி வேலை ஓடாது, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கை வீட்டுப் பையனுடையதாக இருக்கும். குழிக்குள் காலை விட்டு அப்பா உட்கார்ந்திருக்க, பையன் அவரை ஒட்டி உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான், வருஷக்கணக்கில். கண் பழகி, பாவில் இழை அறுந்தால் அப்பாவுக்கு முன்னால் தானே கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்த பிறகும், நடு நாடாவைக் கேட்டால், "இருடா, அவசரப்படாதே" என்றுதான் பதில் வரும். ஒரு சாண் கெட்டால் கூலியில் பிடிப்பார்கள், பாவு கொடுத்த இடத்தில் பேச்சும் வாங்க வேண்டும். அந்தப் பயத்துக்கு நடுவில், பையன் கை தன் கையைவிட நன்றாக ஓடிவிடுமோ என்ற எண்ணம் அப்பாவுக்கு ஒரு ஓரத்திலாவது இருந்திருக்கும்.

தறிக்காரன் கண்ணுக்கு இந்தக் காவியத்தில் பெரிய ஆள் பெனலபிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமனார் லேயர்ட்டஸுக்குச் சவத்துணி நெய்து முடித்த பிறகே மறுமணம் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பந்த வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்து மூன்று வருடம் ஓட்டினாள். நாலாவது வருடம் வேலைக்காரி ஒருத்தி காட்டிக்கொடுத்தாள். கேட்கிறவர்கள் தந்திரம் என்று ரசிக்கிறார்கள். நெய்தவர்களுக்குத்தான் தெரியும், பிரிப்பது நெய்வதைவிடக் கஷ்டம். ஊடையை இழை இழையாக உருவி எடுக்க வேண்டும், பாவு நூல் தேயாமல் பார்க்க வேண்டும், விடிந்தால் அதே நூலை மறுபடி ஓட்ட வேண்டும். கிரேக்கர்களுடையது நின்றுகொண்டு நெய்யும் தறி. பாவு மேலிருந்து தொங்கும், அடியில் மண் குண்டுகள் கட்டியிருக்கும், ஊடையை மேல்நோக்கி இடித்து ஏற்ற வேண்டும். பகலெல்லாம் நின்று நெய்துவிட்டு ராத்திரியும் நின்று பிரித்தவளுடைய கால் வலியைப் பற்றி ஹோமர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒடிஸியஸைத் தெரியாது, மார்லினைத் தெரியும். 2003இல் பிக்ஸார் எடுத்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் அப்பா மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், ஆனால் இவ்வளவு சிரிப்பில்லாத கோமாளியை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் பெனலபிக்கு இடமே இல்லை. ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே பாரகுடா மீன் ஒன்று வந்து மனைவியையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் விழுங்கிவிட்டுப் போகிறது. மிஞ்சியது ஒரே முட்டை. அதிலிருந்து வந்தவன் நீமோ, ஒரு துடுப்பு சிறுத்தவன். அப்பாவின் பயத்தைப் பொறுக்காமல், வீம்புக்குப் படகு வரை நீந்திப் போய் அதைத் தொட்டுவிட்டு வருகிற பையனை, முக்குளிக்கிற பல் டாக்டர் ஒருவர் வலையில் பிடித்து சிட்னிக்குக் கொண்டுபோய்த் தன் கிளினிக் கண்ணாடித் தொட்டியில் விடுகிறார். அப்பா கடலைக் கடந்து தேடிப் போகிறார். விலங்கியல் படித்தவர்கள் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரிப்பார்கள். கோமாளி மீன் ஜோடியில் பெண் செத்தால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். நிஜக் கடலாக இருந்தால் மார்லின் நீமோவுக்கு அம்மாவாகியிருப்பார்.

இரண்டு பேருக்கும் கடல்தான் எதிரி. ஆனால் ஒடிஸியஸுக்கு அந்த எதிரியைச் சம்பாதித்துக் கொடுத்தது அவன் வாய். ஒற்றைக்கண்ணனின் கண்ணைக் குத்திவிட்டுத் தப்பித்த பிறகு சத்தம் போடாமல் போயிருக்கலாம். கப்பலில் நின்றுகொண்டு தன் பேர், அப்பன் பேர், ஊர்ப் பேர் மூன்றையும் கூவுகிறான். அந்த அரக்கனின் அப்பா போசைடன், கடல் தெய்வம். 12 கப்பலோடு கிளம்பியவன் கடைசியில் ஒற்றை ஆளாக ஊர் சேர்ந்தான். மார்லினுக்கு யாரிடமும் பேர் சொல்ல வேண்டிய ஆசையே இல்லை. பையனைப் பார்த்தீர்களா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. துணைக்கு வந்தவள் டோரி, சொன்னதைச் சொன்ன நிமிஷமே மறந்துவிடுகிற மீன். ஒடிஸியஸின் ஆட்கள் தாமரைப் பழம் தின்று ஊரை மறந்தபோது அவன் அவர்களைக் கப்பலுக்கு இழுத்துவந்து பலகையில் கட்டிப்போட்டான். மறதிதான் அவன் பயந்த பெரிய ஆபத்து. மார்லினுக்கோ மறதிக்காரிதான் வழிகாட்டி.

பேர் வேண்டாம் என்று ஓடியவனுக்கும் பேர் வந்து சேர்கிறது. ஜெல்லி மீன் கூட்டத்தைக் கடந்த கதையை மார்லின் ஆமைக் குஞ்சுகளுக்குச் சொல்கிறார். ஆமை மீனுக்கு, மீன் இன்னொரு மீனுக்கு, கடைசியில் ஒரு பறவைக்கு என்று வாய்வாய்க்கு மாறி, அவருக்கு முன்னாலேயே சிட்னி போய்ச் சேர்ந்து, தொட்டிக்குள் இருக்கிற பையன் காதில் விழுகிறது. நீமோ அப்பாவை அந்தக் கதையில்தான் முதல்முறையாகத் தைரியசாலியாகப் பார்க்கிறான். ஒடிஸியஸ் ஊர் திரும்பும் வழியில் தங்கிய ஃபீஷியர்களின் அரண்மனையில் குருட்டுப் பாடகன் டெமடோகஸ் ட்ராய் சண்டையைப் பாடும்போது, அங்கே யாரென்று தெரியாத விருந்தாளியாக உட்கார்ந்திருந்த அவன் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுத மாதிரிதான் இதுவும். ஆளுக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த ஆள் பிறகு கதைக்கு ஈடாக நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது வருகிற கார்ட்டூன் படங்களில் எனக்குப் பிடிக்காதது, நாயகன் கட்டாயம் ஒரு பாடம் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்பது. சிங்கக்குட்டி ஆனாலும் பொம்மை ஆனாலும் ஒன்றரை மணி நேரத்தில் திருந்திவிட வேண்டும். ஒடிஸியஸ் திருந்தவேயில்லை. பொய் சொல்லிக்கொண்டே புறப்பட்டவன் பொய் சொல்லிக்கொண்டேதான் வருகிறான். தள்ளாத வயதில் தோட்டம் கொத்திக்கொண்டிருக்கும் அப்பா லேயர்ட்டஸிடம்கூட முதலில் வேறு ஆள் மாதிரி நடித்துக் கிழவரை அழவைத்துவிட்டுத்தான் உண்மையைச் சொல்கிறான். எனக்கு அந்த இடத்தில் அவன்மேல் கோபம் வரும். ஆனால் அடையாளமாக அவன் சொல்வது என்ன? சின்ன வயதில் நீங்கள் எனக்குக் கொடுத்த மரங்கள் என்று 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி, 50 வரிசை திராட்சை எனக் கணக்கு ஒப்பிக்கிறான். கோபம் போய்விடும்.

மார்லின் கற்றுக்கொள்கிற பாடம் மட்டும் எனக்குச் சலிக்கவில்லை. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் தன் சின்ன மகனைப் பூங்காவுக்கு அழைத்துப்போய், அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று சொல்லியே அந்த நேரத்தைத் தொலைத்ததில் பிறந்த படம் இது என்று சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட கடைசியில் வருகிற வலைக் காட்சியைப் பாருங்கள். மீன்பிடிக் கப்பலின் வலையில் டோரியும் ஏராளமான மீன்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கீழ்நோக்கி நீந்தினால் வலை அறும், அதைச் சொல்ல நான் உள்ளே போகிறேன் என்கிறான் நீமோ. கண்டெடுத்துச் சில நிமிடம்கூட ஆகாத பிள்ளை. மார்லின் முதலில் ஒடிஸியஸ் செய்ததைத்தான் செய்கிறார், வேண்டாம் என்கிறார். அப்புறம் போ என்கிறார். மகனிடம் தலையை ஆட்டிய கை தேர்ந்த வில்லாளியைவிட, இரண்டாவது வார்த்தை சொன்ன இந்தக் கோழை மீன் எனக்குப் பெரிய ஆளாகப் படுகிறார்.

இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடந்தால், பகலில் வில்லிபாரதம் வைத்துப் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அபிமன்யு சண்டை நடக்கிற ராத்திரி பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் யாரும் தூங்குவதில்லை. சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது, வயது பதினாறு. அர்ச்சுனனை எதிரிகள் வேறு பக்கம் இழுத்துப்போயிருக்கிறார்கள். நீ உடைத்துக்கொண்டு போ, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று தருமன் அனுப்புகிறான். சைந்தவன் வாசலை அடைத்து மற்றவர்களை நிறுத்திவிடுகிறான். கிரீடமும் புஜக்கட்டையும் போட்ட பையன் வேஷக்காரர் முகவீணை அலற அலறச் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் பேத்தி, "அவங்க அப்பா எங்க தாத்தா போயிருந்தாரு?" என்று கேட்டாள். வேலைக்கு என்று சொன்னேன். அர்ச்சுனனுக்கு அது வேலைதானே.

போ என்று சொல்லியும் திரும்பி வராத பிள்ளை அபிமன்யு. போகாதே என்று நிறுத்தப்பட்டுப் பிழைத்தவன் டெலிமாக்கஸ். அமெரிக்கக் கார்ட்டூன் நீமோவைத் திரும்பக் கொண்டுவரும் என்று டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். வில்லி அப்படி உத்தரவாதம் தருகிறவர் இல்லை. இதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் மார்லினைப் பெரியவர் என்கிறேன். அவர் அந்த நேரத்தில் படத்துக்குள் இருக்கிறார், முடிவு அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து அப்பாக்கள் மூன்று பேரையும் பின்பற்றவில்லை. அவர்கள் வில்லையே பரணில் ஏற்றிவிட்டார்கள். கரை நாடா தள்ளப் பையனை உட்கார வைத்தால் இவனும் இதிலேயே மாட்டிக்கொள்வான் என்று, தறிப்பக்கமே வராதே, போய்ப் படி என்று விரட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு விடியற்காலையில் வாலாஜாபாத் ரோட்டோரம் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்று, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., முதுகு வளையாத வேலை. ஆனால் அய்யம்பேட்டையில் ஒரு பெரியவர் கோர்வைக்கு ஆள் கிடைக்காமல் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து நெய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பையனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டேன். "அவன் கேட்டான், நான்தான் வேணாம்னேன். இப்ப நான் கூப்பிட்டா அவன் வேணாங்கிறான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்பினார், அவ்வளவுதான்.

செய்யாறு வட்டத்துப் புரிசைக் கூத்துக்காரர்கள் பிரெக்ட் நாடகத்தையும் மார்க்வெஸ் கதையையும் கூத்தாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யாராவது இந்த மீன் கதையை எடுத்தால் நன்றாக வரும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். மார்லினுக்கு வேஷம் கட்ட ஆள் தேட வேண்டும், ஓயாமல் பயப்படுகிற ராஜா வேஷம் பழக்கமில்லை. டோரிக்கு அந்தக் கவலை கிடையாது. ராஜா பேரை மறப்பான், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பான், எதிரியிடம் போய்க் குசலம் விசாரிப்பான், கடைசியில் வழியும் அவன்தான் சொல்வான். அப்படி ஒருத்தன் கூத்தில் ஏற்கெனவே இருக்கிறான், கட்டியங்காரன். வலைக்குள் மாட்டுகிறவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும். அபிமன்யுவைச் சாகவிட்ட ஜனம்கூட அவனை எப்படியாவது வெளியே கொண்டுவரச் சொல்லும். இல்லாவிட்டால் விடிகிறவரைக்கும் யார் பேசுவது?