நிலைமொழியும் வருமொழியும்

தோல் பதனிடும் ஊரிலே பிறந்து, இலக்கணம் பயிற்றும் பணியிலே காலம் கழித்துவரும் எனக்குக் கடலோடு யாதொரு தொடர்பும் இல்லை. பாலாற்றில் நீரைக் காண்பதே அரிதாகிவிட்ட ஊர் எங்கள் ஆம்பூர். ஆயினும், ஒரு படகின் சிறு கருவி எனக்கு உணர்த்திய பாடத்தை மாணவர்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

என் தமக்கையை நாகூரில் மணமுடித்துக் கொடுத்திருக்கின்றோம். மச்சானுக்கு ஒரு பழைய விசைப்படகு உண்டு. அதில் இருப்பது லாரி இயந்திரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைப் பழுதுபார்க்கும் காலமும் அதுவே. அவ்வாறான ஒரு மே மாதத்தில், கோணிப்பையில் இரண்டு ஆல்டர்நேட்டர்களைச் சுமந்துகொண்டு மச்சான் எங்கள் இல்லம் வந்தார். ஒன்று, இயந்திரத்தோடு வந்து ஆயுள் முடிந்தது; மற்றொன்று, அதற்கு மாற்றாகப் பொருத்திய பழைய சரக்கு.

இந்த இரண்டாவதனால் நேர்ந்ததை அவர் கூறியபோது என் தமக்கையின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. நள்ளிரவில் வலையை விட்டுக் காத்திருக்கையில் மின்கலம் வற்றிப்போயிற்று. விளக்குகள் அணைந்தன, ஒலிபரப்புக் கருவியும் ஊமையாயிற்று. அவ்வழியே ஒரு கப்பல் வந்திருக்கின்றது. தங்கை மகனும் தமக்கை மகனும் அன்று அப்படகில்தான் இருந்தனர். கையிலிருந்த டார்ச் விளக்கை வீசி வீசியே அவர்கள் உயிர் தப்பினர்.

மறுநாள் இருவரும் வேலூருக்குச் சென்றோம். லாரிகள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலை நகராதலால் உதிரிபாகங்களுக்கு அங்கே குறைவில்லை. கடைக்காரர் இரண்டையும் அருகருகே வைத்தார். அப்பொழுதுதான் என் கண்ணில் பட்டது: முதலாவதன் சக்கரம் 3 அங்குலம், இரண்டாவதன் சக்கரம் நாலரை அங்குலம்.

என் அத்தா தோல் தொழிற்சாலையில் உருளைகளின் வார்களைப் பராமரித்தவர். சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும் என்றும், பெரியது சிறியதைச் சுழற்றினால் வேகம் கூடும் என்றும் சிறுவயதில் எனக்குக் காட்டியிருக்கின்றார். மச்சானின் குறிப்பின்படி இயந்திரத்தின் சக்கரம் 9 அங்குலம். ஆகவே முன்பு மும்மடங்கு சுழன்றது, மாற்றியபின் இருமடங்கே சுழன்றிருக்கின்றது. இயந்திரம் நிமிடத்திற்கு 700 சுற்றுகளில் மெதுவாக ஓடும் இரவில், 2,100 சுற்றுகள் கிடைக்க வேண்டிய இடத்தில் 1,400 மட்டுமே கிடைத்தன. படகு விரைந்து செல்லும்போது குறை தெரியவில்லை. காத்திருக்கும்போது மின்கலம் கரைந்துகொண்டே இருந்தது. உப்புக் காற்று அதன் கம்பிச்சுருளையும் அரித்திருந்தபடியால் புதியதே வாங்குவதென முடிவாயிற்று.

"90 ஆம்பியரில் பெரியதாக வாங்கிவிட்டால் கவலையில்லை அல்லவா, மச்சான்?" என்றார் அவர்.

கடைக்காரர் நகைத்தார். "பாய், முதலில் உங்கள் செலவைச் சொல்லுங்கள்."

விளக்குகள், ஒலிபரப்புக் கருவி, மீன் காட்டும் கருவி, நீரிறைக்கும் பம்பு அனைத்தையும் கூட்டினால் 480 வாட். படகின் மின்னழுத்தம் 24 வோல்ட். ஆகவே தேவை 20 ஆம்பியர். மின்கலத்தை நிரப்பவும் மிச்சம் வேண்டும். மெதுவான ஓட்டத்தில் முழு அளவும் கிட்டாது. எனவே முன்பிருந்த 35 ஆம்பியரே பொருத்தம். மின்கலம் வற்றிய வேளையில் 90 ஆம்பியர் கருவி முழுமூச்சாக உழைத்தால், ஒற்றை வார் வழுக்கும். பழைய மின்கம்பிகள் சூடேறும். மின்னழுத்தம், சக்கரத்தின் அளவு, பொருத்தும் காதுகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வாங்கினோம். இயந்திரம் ஓடும்போது மின்கலத் தொடர்பைக் கழற்றினால் உள்ளிருக்கும் டயோடுகள் பழுதாகும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பேருந்தில் திரும்பும்போது எனக்குப் புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈற்றை அறியாமல் வருமொழியைச் சேர்த்தால் பிழை நேர்கின்றது. வருமொழி எத்துணை அழகிய சொல்லாயினும் அப்பிழை நீங்குவதில்லை. பழைய இயந்திரமே நிலைமொழி; புதிய கருவி வருமொழி.

ஜூலையில் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். "விடியும்வரை விளக்கு எரிந்தது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பின்னாலிருந்து தமக்கையின் குரலும் கேட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை, சிரித்தாள்.

மாணவச் செல்வங்களே, பெரியதைத் தேடுமுன் பொருந்துவதைத் தேடுங்கள். அளந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். ஓர் அங்குலக் கணக்கில் ஒரு குடும்பத்தின் உறக்கம் அடங்கியிருக்கக் கூடும்.