வாரத்தில் எத்தனை நாள்?

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. "தவறாமல் நடங்கள்" என்றார் மருத்துவர். "எனக்கு நேரம் ஏதடி?" என்று சிரித்துவிட்டார் அம்மா.

பெரியவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும்; எங்கள் வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் வேண்டும். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய இக்கணக்கை உடற்கல்வி ஆசிரியை வகுப்பில் விளக்கினார். 150-ஐ 30-ஆல் வகுத்தேன். ஐந்து நாள்! காகிதத்தில் எவ்வளவு எளிது!

ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கவனித்தேன். விடியுமுன் வாசல் தெளித்தது முதல் இரவு பாத்திரம் துலக்கியது வரை அவர் அமரவே இல்லை. அவருடைய அரைமணி நேரம் எங்கே போயிற்று என்று அன்றுதான் புரிந்தது. அது என்னிடமும் தம்பியிடமும் இருந்தது!

இப்போது தண்ணீர் பிடிப்பது தம்பியின் வேலை. பாத்திரம் என் பொறுப்பு. வாரத்தில் ஐந்து மாலை அம்மாவும் நானும் கைகோத்து நடக்கிறோம். மீதி அரைமணிக்கு எனக்குப் பள்ளி மைதானம் இருக்கிறது. தேர்வு வந்தால் ஐந்து நாள் மூன்றாகும். அதற்காக நாங்கள் விட்டுவிடுவதில்லை. அறவே இல்லாததற்குச் சிறிதளவும் மேல் அல்லவா?

அன்புத் தோழியரே, உங்கள் அம்மா வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறார்? விடை உங்கள் கையிலும் இருக்கிறது.