கேட்பதற்கு ஓர் ஆள்



கணினி வேலை என்றால் பொறியியல் கல்லூரியில் நான்காண்டுகள் பயின்றவர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் பட்டமும் இல்லாமல், பயிற்சி நிலையத்துக்கும் போகாமல், கைப்பேசியையும் பழைய மடிக்கணினி ஒன்றையும் ஆசானாகக் கொண்டு தாமாகவே நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இன்று சிற்றூர்களிலும் உருவாகி வருகின்றனர். அவர்கள் எழுதுகிறார்கள், எழுதியது பிழையின்றி இயங்கவும் செய்கிறது. ஆயினும் நேர்காணலில் உட்கார்ந்தால் தோற்றுத் திரும்புகிறார்கள். இது ஏன்?

கலைப் பட்டம் பெற்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவருக்கு இதைப் பற்றி எழுத என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். நியாயமான வினாதான். படித்துவிட்டுப் போகத் தாங்கள் பொறுமை காட்டினால் விடையும் கிடைத்துவிடும்.

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் சாலையில் சென்றால் சிப்காட் தொழிற்பேட்டை வரும். அதை ஒட்டியதே எங்கள் குடிகாடு. 1980-களில் தொழிற்பேட்டை வந்தபோது வீட்டுக்கொரு வேலை என்று பெரியவர்கள் கனவு கண்டார்கள். வந்தது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி வேலையும், காற்று திரும்பும் இரவுகளில் மூக்கைத் துளைக்கும் நெடியும்தான். என்னிடம் சிறு வயதில் ஓதிய மாணவன் ஒருவன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்குள்ள ஆலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளனாக ஷிப்டு பார்த்து வந்தான். இப்போது அவனுக்கு வயது 24. வேலை முடிந்து வந்து, வீடு உறங்கிய பின், இரண்டாண்டுகள் இரவிரவாகப் பைத்தான் மொழி பயின்றான். நம் ஊர்க் கடைக்காரர் ஒருவருக்குக் கடன் கணக்கு வைக்கும் செயலி ஒன்றையும் செய்து கொடுத்தான். அது இன்றும் அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழிலேயே கற்பதற்கு இன்று வழியும் உண்டு. கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைக் ‘கணியம்’ இதழ் 2012 முதல் தமிழில் இலவசமாக அளித்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ‘குவி’ நிறுவனம் நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிக்கிறது. கற்பது இன்று அவ்வளவு கடினமன்று. கற்றதைக் கொண்டு ஒரு நாற்காலியைப் பிடிப்பதே கடினம்.

பட்டம் இல்லாதவனுக்கு முதல் கதவே எளிதில் திறப்பதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டத்திலும் 60 விழுக்காடு இருந்தால்தான் விண்ணப்பத்தையே ஏற்கும் நிறுவனங்கள் பல. பட்டத்தைப் பெரிதாக எண்ணாத நிறுவனங்களும் இல்லாமலில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளியை அது நடத்துகிறது. தென்காசியிலும் அப்பள்ளி உண்டு. ஆனால் அது இளம் வயதிலேயே நுழைய வேண்டிய வாசல். 24 வயதானவனுக்கு வெளிச்சந்தைதான்.

வெளிச்சந்தையில் முதலில் எதிர்ப்படுவது மனிதரல்லர், கணினித் தேர்வு. கணக்கைக் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, எழுதிய நிரலைத் தானே திருத்தி மதிப்பெண் போடும் தளங்கள் உள்ளன. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்ற ஹேக்கர்ரேங்க், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி என்னும் இருவர் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. நம் மாணவன் இத்தகைய தேர்வுகளில் தோற்கவில்லை. அவன் தோற்றதெல்லாம் அடுத்த சுற்றில், எதிரே ஒரு மனிதர் அமர்ந்தபோதுதான்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் அவனிடம் கேட்கப்பட்ட கணக்கை எனக்கு அவன் விளக்கிச் சொன்னான். ஆயிரம் எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று. அவற்றுள் எந்த இரண்டைக் கூட்டினால் 10 வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்ப்பது ஒரு வழி. அதற்கு 4,99,500 முறை கூட்ட வேண்டி வரலாம். கையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு பட்டியலை ஒரே முறை படித்துச் செல்வது மற்றொரு வழி. 3 வந்தால், ‘7 முன்னரே வந்திருக்கிறதா?’ என்று குறிப்பேட்டைப் பார்ப்பது. இல்லையெனில் 3-ஐ அதில் எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவது. ஆயிரம் அடிகளில் வேலை முடிந்துவிடும். (கணக்கென்றால் காத தூரம் ஓடும் எனக்கே விளங்கியது என்றால், அவன் நன்றாகத்தான் கற்றிருக்கிறான்.)

இரண்டாம் வழியை ஐந்தே நிமிடத்தில் அவன் எழுதிவிட்டான். எதிரே இருந்தவர், “ஏன் இப்படிச் செய்தீர்கள்? வேறு வழி உண்டா? அதைவிட இது எதனால் மேல்?” என்று கேட்டிருக்கிறார். இவனுக்கு நா எழவில்லை. “தெரியும் ஹஜ்ரத். வாயில்தான் வரவில்லை” என்றான் என்னிடம். அடுத்தடுத்து மூன்று இடங்களில் இதுவே நடந்தது.

வாசகர்களே! இந்த இடத்தில்தான் மத்ரஸா ஆசிரியருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நாங்கள். இரவு முழுதும் வீட்டில் தங்குதடையின்றி ஓதிய சபக்கை, காலையில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக்காட்டும்போது மூன்றாம் வரியிலேயே திணறும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் மனனம் செய்யவில்லை என்று எந்த உஸ்தாதும் கூறமாட்டார். தனியே ஓதுவது ஒரு திறன். ஒருவர் கேட்க ஓதுவது இன்னொரு திறன். அதனால்தான் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் ஓத மற்றவர் கேட்டுத் திருத்தும் ‘தவ்ர்’ முறையைப் பெரியவர்கள் வைத்தார்கள். கேட்பதற்கு ஆளில்லாத மனனம் மேடையில் கைவிடும்.

தாமாகவே கற்கும் பிள்ளைக்கு இல்லாதது அந்தக் கேட்கும் ஆள்தான். கல்லூரி மாணவன் ஆசிரியரிடம் வாய்மொழித் தேர்வு கொடுக்கிறான். விடுதி அறையில் நண்பனோடு வாதிடுகிறான். இவனோ வீட்டார் விழித்துவிடுவார்களே என்று விளக்கைக்கூடத் துணியால் மறைத்துக்கொண்டு படித்தவன். இரண்டாண்டுகளில் நிரல் பற்றி ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. நேர்காணலில் அளக்கப்படுவதோ, விடையைவிட அதை நோக்கி அவன் நடக்கும் வழி. நாளை ஐந்து பேரோடு அமர்ந்து வேலை செய்யப் போகிறவன், தன் எண்ணத்தை அடுத்தவருக்கு விளக்க வல்லவனா என்று அவர்கள் பார்க்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்தில்! இதில் ஓரளவு அநியாயமும் உண்டு என்பதே என் கருத்து. கூச்சத்தைத் திறமைக்குறைவு என்று எடுத்துக்கொள்ளும் தேர்வாளர்கள் நல்ல பணியாளர் பலரை இழந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நம் கருத்தைக் கேட்டு அவர்கள் வழக்கத்தை மாற்றப் போவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் எழுதியது பிள்ளையா இயந்திரமா என்னும் ஐயம் எழுந்துவிட்டது. ஒரு சுற்றையேனும் நேரில் வைக்கப் போவதாகக் கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையே 2025-இல் கூறினார். ஆக, முகத்துக்கு முகம் பேசும் தேவை இனிக் கூடுமே தவிரக் குறையாது.

நிரலாக்கத்தில் ‘அல்காரிதம்’ என்று ஓயாமல் ஒரு சொல் வரும். அது 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்படும் கட்டுரைகளுக்கு நம் ஏடுகளில் பஞ்சமில்லை. அந்தப் பெருமை நேர்காணல் அறைக்குள் கூட வராது.

நான் அவனுக்குச் சொன்ன யோசனை ஒன்றே. “ஓதிக்காட்டு” என்றேன். யாரிடம் என்று கேட்டான். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை இருக்கிறாளே! அன்று முதல் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம், ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, எழுதும்போதே வாய்விட்டு அவளுக்கு விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்குப் பைத்தான் தெரியாது. தெரியாததே நல்லதாயிற்று, விளங்காத இடத்திலெல்லாம் ஏன் என்று கேட்டாள். பட்டியல் கணக்கைச் சொன்ன அன்று அவள் கேட்ட கேள்வியை அவனே வியந்து வந்து கூறினான். “பட்டியலில் 5 ஒன்றுதான் இருக்கிறது, அண்ணே. முதலில் எழுதிவிட்டு அப்புறம் குறிப்பேட்டைப் பார்த்தால், அந்த ஒரே 5-ஐ இரண்டு தடவை எண்ணிவிட மாட்டீர்களா?” பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்னும் வரிசையின் காரணத்தை, எழுதத் தெரிந்திருந்தும், அவன் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லையாம்.

விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அமைத்த குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி அளித்து வருகிறது. கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயிலேறினால் எட்டிவிடும் தொலைவுதான். துறை அறிந்தவர் முன் பேசிப் பழக அங்கும் போய் வா என்று அனுப்பினேன். நம் ஜமாஅத்துகளிலும் வேலையில் உள்ள இளைஞர்கள் விடுமுறைக்கு ஊர் வருகிறார்களே. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இத்தகைய பிள்ளை ஒருவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் என்ன?

இதற்கிடையே வேறொரு வாசலும் வந்தது. சிறு தொகை கொடுத்தால் மூன்றாண்டு அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருவதாக ஒருவர் கைப்பேசியில் அழைத்திருக்கிறார். பொய்ச் சான்று பின்னாளில் சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலை போகும், பெயரும் போகும். பிடிபடாவிட்டாலும் அந்த ஊதியத்தை எந்த மனத்தோடு வீட்டுக்குக் கொண்டு வருவது? அவன் தாயார் அந்த எண்ணையே அழித்துவிட்டார்.

அந்தத் தாயாரின் கவலை வேறு. அத்தா வளைகுடாவில் கடையொன்றில் பதினெட்டு ஆண்டுகளாக நிற்கிறார். மகனுக்கும் அதே கடையில் விசா சொல்லி வைத்திருக்கிறார். “நான் நிற்கிற இடத்தில் அவன் வந்து நின்றால் நான் ஊர் திரும்பலாம்” என்பது அவர் வாதம். அதைத் தவறென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தொலைபேசியில் என்னிடமும் பேசினார். முடிவில் மூன்று மாதம் தவணை தந்தார். அதில் ஒன்றரை மாதம் கழிந்துவிட்டது.

சென்ற வாரம் நான்காம் நேர்காணலுக்குச் சென்று வந்தான். ஒரு கணக்கை முழுதாக முடிக்கவில்லையாம். ஆனால் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறான். இடையில் தன் பிழையைத் தானே சொல்லித் திருத்தியுமிருக்கிறான். அடுத்த சுற்றுக்கு வரும் வியாழனன்று அழைத்திருக்கிறார்கள். தங்கைக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. ஆனாலும் அந்த அரைமணி நேரத்தை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நேற்று அவர்கள் வீட்டைக் கடந்து சென்றபோது திண்ணை வரை கேட்டது அவள் குரல்: “அது சரி, ஏன்?”