பூநாரையும் கண்ணீர் அஞ்சலியும்

கட்சி பேனர் எந்த மெஷினிலும் நன்றாகவே வரும். கெட்டிச் சிவப்பு, கெட்டிக் கறுப்பு, பெரிய எழுத்து. அதை வைத்து ஃப்ளெக்ஸ் மெஷினை எடை போடக் கூடாது. பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்கு வரும் இரண்டு வேலைகள்தான் என் மெஷினுக்குப் பரீட்சை. ஒன்று படகுக்காரர்களின் பூநாரை பேனர், இன்னொன்று கண்ணீர் அஞ்சலி பேனர்.

பனிக்காலத்தில் பழவேற்காடு ஏரியில் நிற்கும் பூநாரையின் உடம்பு கிட்டத்தட்ட வெள்ளை, லேசான ரோஜாச் சாயல். இறக்கை விரித்தால்தான் சிவப்பும் கறுப்பும் தெரியும். (படகுக்காரர்கள் நெட்டிலிருந்து எடுத்து வருவது பெரும்பாலும் கரீபியன் பறவை, உடம்பெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு. "அண்ணே, இது நம்ம ஏரிப் பறவை இல்லை" என்று சொல்லிப் பார்ப்பேன்.) அந்த ரோஜாச் சாயலை மெஷின் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் மெஜந்தா, மஞ்சள் புள்ளிகளால்தான் காட்டியாக வேண்டும். 10 சதவீதம் கேட்ட இடத்தில் 20 விழுந்தால் பறவைக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். லைட் மெஜந்தா இல்லாத நாலு கலர் மெஷினில் இது இன்னும் துருத்தித் தெரியும்.

இதைச் சரிசெய்வதுதான் லீனியரைசேஷன். ஒவ்வொரு மையையும் 0 முதல் 100 வரை கட்டம் கட்டமாக அடித்து, நிறம் அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியால் அளந்து, படிகள் சீராக ஏறும்படி, படத்தை மைப்புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில் திருத்துகிறோம். அதற்கு முன் மை பீச்சும் நாசில்கள் அடைத்திருக்கின்றனவா என்று ஒரு செக். அடைத்த நாசிலோடு எடுத்த அளவு வீண். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் சால்வென்ட் மை காயத் தாமதமாகும். காயாத கட்டத்தை அளந்தாலும் வீண்தான்.

மறுகோடி, கண்ணீர் அஞ்சலி. வலை இழுத்து உப்புக்காற்றிலும் வெயிலிலும் கறுத்த முகம். அங்கே நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மைக்கு நூறு என்ற கணக்குப்படி 400 சதவீதம் வரை போகலாம். ஃப்ளெக்ஸ் 300-ஐத் தாங்குவதே கஷ்டம். மை தேங்கினால் கன்ன மேடு, கண்குழி, சுருக்கம் எல்லாம் ஒரே கறையாகிவிடும். அதனால் மை வரம்பைக் குறைத்த பிறகே, நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை அடித்து அளந்து ப்ரொஃபைல் போடுவேன். லீனியரைசேஷனும் மை வரம்பும் சேர்ந்த காலிப்ரேஷன் மெஷினை ஒரு நிலையில் நிறுத்துகிறது; அந்த நிலையில் எந்த மைக்கலவை என்ன நிறம் தரும் என்பதை ப்ரொஃபைல் எழுதி வைக்கிறது. அடோபி, ஆப்பிள், கோடக் உள்ளிட்ட நிறுவனங்கள் 1993-ல் கூடி ஐசிசி அமைப்பை உருவாக்கி, இதற்கொரு பொதுமுறை வகுத்தன. ஆனால் மெஷின் நிலை மாறினால் பழைய ப்ரொஃபைல் செல்லாது. ஃப்ளெக்ஸ் ரோல் மாறினாலும் அப்படித்தான். ஒரு கம்பெனி வெள்ளையில் நீலம் பாய்ந்திருக்கும், இன்னொன்றில் மஞ்சள்.

தொழிலில் பலர் இதையெல்லாம் தொடுவதில்லை. ஃபோட்டோஷாப்பில் கண்ணால் பார்த்துச் சிவப்பைக் குறைப்பார்கள். இன்றைய முகம் தேறும், நாளைய முகம் பச்சையடிக்கும். என் கணக்கில் அது வேலையே இல்லை.

வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும். பழைய பேனர்கள் நீலம் பூப்பது அதனால்தான். அதற்கு ப்ரொஃபைலில் மருந்தில்லை.

பேனர் கொடுக்க வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய முகமானாலும் சரி, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் நுணுக்கம் பாதி போய்விடும். "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் அப்பாவின் நிறத்தை என் மெஷினால் அப்படியே அடிக்க முடியும்.