தேதி வேண்டாம், நிலவரம் சொல்லுங்கள்

2012 பிப்ரவரி 29, புதன்

லண்டனில் காலை 6 மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. மூன்றாவது பீரியடை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு லேபில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கரண்ட் போய்விடும், அதற்குள் முடிக்க வேண்டும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி விற்பனைக்கு வந்த அந்த நிமிடமே, அதை விற்கும் இரண்டு விநியோக நிறுவனங்களின் தளங்களும் படுத்துவிட்டன. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வந்து நின்றால் எதுதான் தாங்கும்? கரண்ட் போவதற்குச் சற்று முன் ஒரு பக்கம் திறந்தது. ஆர்டர் போட முடியவில்லை. பெயரையும் மெயில் முகவரியையும் கொடுத்து வரிசையில் நிற்கத்தான் வழி இருந்தது. ஆளுக்கு ஒன்றுதான் என்று கண்டிப்பு வேறு.

35 டாலர். இன்றைய கணக்கில் 1,700 ரூபாய் பக்கம். வரியும் கூரியரும் தனி. அந்தக் காசுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி மெமரி, இரண்டு யூஎஸ்பி, நெட்வொர்க் ஜாக், எல்லாம் ஏடிஎம் கார்டு அளவுள்ள ஒரே போர்டில். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள், வருகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை என்பதைப் பார்த்த எபென் அப்டனும் நண்பர்களும் இதற்காகவே 2009இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1981இல் வந்த பிபிசி மைக்ரோவைப் போலவே இதற்கும் மாடல் ஏ, மாடல் பி என்றுதான் பெயர். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அதைப் போட்டுக் குடைந்து வளர்ந்த தலைமுறை இவர்கள். அந்த வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது முதல் தலைமுறையிலேயே கிடைக்கவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

இறுதியாண்டு மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து உள்ளே போகும் ஊர், தோப்பு வேலை பார்க்கும் குடும்பம். கூடத்தில் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி. அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். மஞ்சள், வெள்ளை ஏவி சாக்கெட் இரண்டும் பளிச்சென்று இருந்தன, யாரும் இதுவரை எதையும் செருகியதில்லை.

என் அவசரத்துக்குக் காரணம் அந்த மஞ்சள் சாக்கெட்தான். ராஸ்பெரி பையில் புது டிவிக்கான எச்டிஎம்ஐ மட்டுமல்லாமல் பழைய டிவிக்கான காம்போசிட் வீடியோவும் இருக்கிறது. 2006இலிருந்து கொடுத்த டிவி ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மானிட்டர் வாங்க வேண்டாம். செல்போன் சார்ஜர் போதும், அது கேட்பது 5 வோல்ட்தான். கீபோர்டு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். போன செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளுக்குத்தான். எங்களுடையது சுயநிதி பாலிடெக்னிக். இங்கே படிப்பவன் வீட்டிலும் அதே வறுமைதான், ஆனால் பட்டியலில் அவன் பெயர் வராது.

ஏப்ரலில் இவர்களுக்குப் பரீட்சை. அது முடிந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் ஒரு போர்டாவது என் கைக்கு வந்து, இவர்கள் ஒருநாள் தொட்டுப் பார்க்க வேண்டும். "வந்துருங்களா சார்?" என்று பஸ் ஏற்றிவிடும்போது அவன் கேட்டான். இந்த மாதம் வரலாம் என்றேன்.

மார்ச் 9, வெள்ளி

நேற்று அறக்கட்டளை ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டது. சீனத் தொழிற்சாலையில் போர்டுகளில் தவறான நெட்வொர்க் ஜாக் வைத்து சால்டர் செய்துவிட்டார்களாம். உள்ளே காந்தச் சுருள்கள் இருக்கும் ஜாக்கைப் போட வேண்டிய இடத்தில் சுருள் இல்லாத வெறும் ஜாக். கழற்றி மாற்றுவது பெரிய வேலை இல்லை, சரியான ஜாக் அத்தனை எண்ணிக்கையில் உடனே கிடைக்க வேண்டுமே, தாமதம் அங்கேதான்.

காலை வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். செத்துப்போன ஒரு மதர்போர்டிலிருந்து ஜாக்கைப் பெயர்த்து, பக்கவாட்டுத் தகரத்தைக் குறடால் உரித்து, பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்தோம். உள்ளே மிளகு அளவில் கருப்பு வளையங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பும் பச்சையுமாகச் செப்புக் கம்பி நெருக்கிச் சுற்றியிருந்தது, அதன் மேல் பிசின் பூச்சு. ஒவ்வொரு வளையமும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வெளியிலிருந்து வரும் கேபிளுக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் நேரடி மின் தொடர்பே இருக்காது. சிக்னல் மட்டும் காந்தப்புலம் வழியாகத் தாண்டும். எங்கோ இடி விழுந்து கேபிளில் மின்னழுத்தம் ஏறினாலும் சிப் தப்பிக்க இந்த இடைவெளிதான் காரணம். சுருள் இல்லாவிட்டால் நெட்வொர்க் ஓடாது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு ஜாக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

"அப்ப யாரு மேல தப்புங்க சார்?" என்று ஒருவன் கேட்டான். தெரியவில்லை. ஆனால் தப்பு நடந்ததை மறைக்காமல், எந்தப் பாகம், ஏன், இனி என்ன செய்யப்போகிறோம் என்று மூன்றையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு மணி நேரப் பாடம் எங்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கோபமே வரவில்லை.

மார்ச் 30, வெள்ளி

அடுத்த தடங்கல். முதல் 10,000 போர்டுகளில் 2,000 பிரிட்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் மற்றக் கருவிகளுக்கு மின்காந்த இடையூறு தராது என்று காட்டும் ஐரோப்பிய சிஇ முத்திரை இல்லாமல் விநியோகிக்க மாட்டோம் என்று விற்பனை நிறுவனங்கள் நிறுத்தி வைத்திருக்கின்றன. இது பொறியாளர்கள் சோதித்துப் பார்க்கும் வெறும் போர்டுதானே, முத்திரை எதற்கு என்பது அறக்கட்டளையின் எண்ணம். விற்பவர்களோ, இது பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் பொதுமக்கள் வீட்டுக்கும் போகிற பொருள் என்கிறார்கள்.

இதில் நான் விற்பவர்கள் பக்கம். மதியம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் மீடியம் வேவ் கோவை வானொலியை வைத்து, லேப் கம்ப்யூட்டரின் கூட்டைத் திறந்து பக்கத்தில் கொண்டுபோனேன். செய்தி மறைந்து கர்ரென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. கூட்டை மூடியதும் இரைச்சல் தணிந்தது. வேகமாக ஓடும் எந்தச் சர்க்யூட்டும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம்தான். ராஸ்பெரி பைக்குக் கூடே கிடையாது. லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போகும் முன் அதை அளந்து பார்த்துவிடுவதே முறை.

ஆனால் மாதம் முடிந்துவிட்டது. புராஜெக்ட் வைவாவும் முடிந்தது.

ஏப்ரல் 8, ஞாயிறு

சிஇ சோதனையில் பாஸ். சவுத் வேல்ஸில் உள்ள பானசோனிக் கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். போர்டில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லையாம். படித்ததும் அந்த மாணவனுக்குப் போன் செய்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், "அப்ப வந்துருமுங்க சார்" என்றான். அவன் குரலில் இருந்த நம்பிக்கை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 27, வெள்ளி

இந்த மாத நடுவிலிருந்து இங்கிலாந்தில் ஆட்கள் கைக்குப் போர்டு வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. நான் பெயர் கொடுத்த நிறுவனத்திலிருந்து இதுவரை வந்தது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, முறை வரும்போது தெரிவிப்போம் என்ற பொருளில் ஒரே ஒரு தானியங்கி மெயில். என் முறை எத்தனையாவது? இந்தியாவுக்கென்று ஒதுக்கீடு உண்டா? கேட்டு எழுதினால் அதே மெயில் திரும்பி வருகிறது.

இறுதியாண்டு பிள்ளைகள் இன்று ஹாஸ்டலைக் காலி செய்தார்கள். அந்த மாணவனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. நல்ல பையன், கைத்திறன் உள்ளவன். லேபை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மேஜையில் நான் ஒதுக்கி வைத்திருந்த எஸ்டி கார்டையும் மஞ்சள் கேபிளையும் பார்த்தான். வந்தால் சொல்கிறேன் என்றேன்.

மே 24, வியாழன்

டாலர் 56 ரூபாயைத் தொட்டுவிட்டது. பிப்ரவரியில் போட்ட கணக்கு இனி செல்லாது. 35 டாலர் என்பது இப்போது 1,960 ரூபாய். விலை ஏறுவதாவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆர்டர் நிலவரத்தில் அதுவும் இல்லை.

விடுமுறையில் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். காத்திருந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. பாண்டோரா என்று கையடக்க கேம் கருவி ஒன்று, லினக்ஸில் ஓடுவது, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து செய்தது. 2008 செப்டம்பரில் முன்பதிவு தொடங்கி, முதல் கருவிகள் ஆட்கள் கைக்கு வந்தது 2010 மே மாதம். நம் ஊரில் போன அக்டோபர் 5 அன்று கபில் சிபல் டெல்லியில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் இருக்கிறது. மாணவர்களுக்கான மலிவுக் கருவி என்று நாடே கொண்டாடியது, இன்றும் பெரும்பாலான மாணவர்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

தயாரிப்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு தேதியைச் சொன்னால் அது வாக்குறுதி ஆகிவிடும். தவறினால் ஆயிரம் பேர் சண்டைக்கு வருவார்கள். பதில் எழுதும் ஆள்தான் பல இடங்களில் சால்டரிங் இரும்பையும் பிடிக்கிற ஆள். ஆனால் தேதியை யார் கேட்டார்கள்? நிலவரத்தைத்தானே கேட்கிறோம். போர்டு எந்த ஊரில் நிற்கிறது, எது குறைகிறது, எந்தச் சோதனை பாக்கி, அடுத்து எப்போது சொல்வீர்கள். நான்கு வரி போதும். ஜாக் தவறிப்போன செய்தி வந்த அன்று எனக்கிருந்த பொறுமை இன்று இல்லை. அன்று தாமதம் அதிகமாகத்தான் ஆனது, ஆனாலும் யாரோ ஒருவர் என்னையும் கணக்கில் வைத்துப் பேசினார். இப்போது போர்டுகள் ஓடுகின்றன, விற்பனை நடக்கிறது, எல்லாம் நல்ல செய்தி, ஆனால் நான் அந்தக் கணக்கில் இருக்கிறேனா என்றே தெரியவில்லை. என் ஒருவனோடு போவதாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். என்னை நம்பிக் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? மேலே ஒருவர் மௌனமாக இருந்தால் கீழே வரிசையாக அத்தனை பேரும் ஊமையாகிறார்கள்.

ஜூன் 24, ஞாயிறு

வந்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. புதன்கிழமை கூரியர்காரர் வந்து வரிப் பணம் கேட்டபோதுதான் தெரியும்.

திருப்பூர்க்காரன் இன்று லீவு போட்டு வந்தான். அவன் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். எஸ்டி கார்டில் டெபியன் லினக்ஸை முந்தாநாளே ஏற்றிவிட்டேன். மஞ்சள் கேபிளை டிவியில் செருகி, சார்ஜரைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது, ஆனால் கருப்பு வெள்ளையில், மேலும் கீழும் உருண்டுகொண்டே. கெட்டுப்போச்சோ என்று அவன் அம்மா பதறினார். போர்டு அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் படம் அனுப்புகிறது, நம் டிவி கேட்பது பால் முறை. கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் போட்டு, கான்ஃபிக் ஃபைலில் எஸ்டிடிவி மோடு என்ற வரியில் 2 என்று மாற்றினோம். மறுபடி போட்டதும் படம் நின்றது, நிறம் வந்தது, மூலையில் அந்தச் சிவப்புப் பழமும் தெரிந்தது. சின்ன எழுத்துகள் மங்கல்தான், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் படிக்கலாம்.

அவன் பைத்தானில் முதலில் எழுதியது, கம்பெனியில் ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் என்று கணக்குப் போடும் சின்ன நிரல். அவன் தங்கை பத்தாவது முடித்திருக்கிறாள். அண்ணன் எழுந்த இடத்தில் உட்கார்ந்து, கூட்டலைப் பெருக்கலாக மாற்றினால் என்ன வரும் என்று தானே மாற்றிப் பார்த்தாள். கரண்ட் போகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 17, செவ்வாய்

ஆளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டை நேற்று நீக்கிவிட்டார்கள். இப்போது ஒரு நாளைக்கு 4,000 போர்டு தயாராகிறதாம். உடனே தாளாளரைப் பார்த்து, லேபுக்குப் பத்து வேண்டும் என்று கேட்டேன். அந்த டிவி கதையைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். "எப்ப வருமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆர்டர் மெயில் மதியமே போய்விட்டது. லேப் கதவுக்குப் பக்கத்துப் பலகையில் மூன்று வரி எழுதினேன்: பத்து போர்டு கேட்டு இன்று ஆர்டர் அனுப்பப்பட்டது; பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது, அனுப்பும் தேதி சொல்லப்படவில்லை; அடுத்த விசாரணை வெள்ளிக்கிழமை. புதிதாக மூன்றாமாண்டுக்கு வந்திருக்கும் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். தெரியவில்லை என்பதையும் எழுதுவேன், அதற்கடுத்து எப்போது கேட்பேன் என்பதையும் எழுதுவேன் என்றேன்.